ஏழாம் கேள்வி

பெயர், வயது, கிணற்றின் ஆழம் கடந்து வந்தால்
ஏழாம் கேள்வி.
பால்: இரண்டு பெட்டி.
ஒன்றில் புள்ளடி போடு என்றார்கள் பயிற்சியில்.
கேட்கவும் தேவையில்லையாம்,
பார்த்தாலே தெரியுமாம்.

முத்தையன்கட்டு, இடதுகரை வாய்க்காலோரம்
இருபத்தோராவது வீடு.
வரதலோஜினி கச்சான் ஆய்ந்தபடி பதில் சொன்னாள்.
மருந்தடிக்கிறனீங்களோ?
இல்லைத் தங்கச்சி, அது ஆம்பிளையளின்ர வேலை.
'இல்லை' என்றால்
பத்தொன்பதாம் கேள்விக்குத் தாவு என்கிறது படிவம்.

தாவும்போது கண்ணில் பட்டது
வேலியில் காயும் நீலச் சேட்,
தோளிலிருந்து முதுகுவரை மஞ்சள் கறை.
ஆர் தோய்க்கிறது?
நான்தான்.
கையாலயோ?
பின்னக் காலாலயோ, என்று சிரித்தாள்.
மருந்து கரைக்கத் தண்ணி அள்ளுறது?
நான்தான்.
அடிச்ச மூண்டாம் நாள் புல்லுப் பிடுங்குறது?
நானும் மச்சாளும்.
அந்த நேரம் வயித்தில பிள்ளை இருந்ததோ?
கச்சான் கொடியைக் கீழே வைத்து
விரல் மடித்து எண்ணினாள்.
ஓம். சின்னவன். ஏழு மாசம்.

இதற்குப் பெட்டி இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
பென்சிலால், சாய்வாக, இடம் போதாமல்.

முப்பத்திரண்டாம் வீட்டுப் புஸ்பகாந்தி
தானே தாங்கி சுமப்பவள்.
கடைசிச் சண்டையில் காணாமற்போனவனின்
முழுக்கைச் சேட், அவனுடைய தொப்பி.
ஊர் எழும்ப முன்னம் அடித்து முடித்துவிடுவாள்.
தாங்கியின் வார் ஆம்பிளைத் தோளுக்குத் தைத்தது.
சேலைக் கிழிசலால் இழுத்துக் கட்டியிருந்தாள்.
ஒழுகுவது இடுப்பில்.
அங்கே தோல் உரிந்திருந்தது, காட்டினாள்.
ஆனால் எழுதாதை பிள்ளை என்றாள்.
மருந்துக்கில்லை,
வாய்களுக்குத்தான் பயம்.

வவுனியாவிலிருந்து இரத்த முடிவுகள் வந்தன.
ஒரு வீட்டில் புருசனுக்கும் பெண்சாதிக்கும்
ஐம்பத்திரண்டு வயது, ஒரே கிணறு.
கிரியற்றினின் இருவருக்கும் ஒன்று தசம் இரண்டு.
அவருக்குப் பயமில்லை என்று வந்தது.
அவளைக் கிளினிக்குக்கு வரச் சொல்லி வந்தது.
நான் பாஸ், நீ பெயில் என்று அவர் பகிடி விட்டார்.
தசையின் கணக்கு அம்மா, என்றார் டொக்டர்,
பெண்ணுக்குத் தசை குறைவென்று சூத்திரத்தில் இருக்கிறது.
அவள் தன் கைகளைப் பார்த்தாள்.
பன்னிரண்டு வருசம் வீதி வேலைக்குக் கல் சுமந்த கைகள்.
சரி ஐயா, திகதி சொல்லுங்கோ.

பிறகு ஒட்டுசுட்டான் சந்தி.
தெளிகருவி திருத்தும் கடை.
அடையாள அட்டையில் தவரூபன்,
கடைப் பலகையில் 'ரூபி'.
அடைத்த நொசிலை வாயால் உறிஞ்சித் துப்பி எடுப்பாள்,
ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு.
இரண்டு பெட்டியிலும் புள்ளடி போட்டு அனுப்பினேன்.
கொழும்பிலிருந்து திரும்பி வந்தது:
'பதிவு நாற்பத்தேழு. பிழை. திருத்தவும்.'

திரும்பப் போனேன். வெட்கமாக இருந்தது.
அவள் நொசிலைக் கீழே வைக்கவில்லை.
எதுக்கெண்டு கேக்கினம்?
இரத்தக் கணக்குக்கெண்டால் ஒண்டு சொல்லுவன்,
இந்தக் குளிசையையும் சேத்து எழுதுங்கோ, ரெண்டு வருசமாப் போடுறன்.
ஆஸ்பத்திரியில எந்த வரிசையில நிக்கிறனெண்டால் வேற.
இந்த வாய் வேலை எனக்கேன் வந்ததெண்டு கேட்டால்
அது இன்னொரு கதை.
மூண்டு கேள்வியை ஒரு பெட்டிக்குள்ள அமத்தினால்
பிழை ஆரின்ர?

சிவப்பு மையால் எழுதிய கடிதம் கடைசியாக வந்தது:
ஓரக் குறிப்புகள் கணினியில் ஏற்றப்படமாட்டா.

வீட்டுக்கு வந்து
தம்பியின் சேட்டை வாளியில் அமிழ்த்தினேன்.
வயலால் வந்து கழற்றி எறிந்துவிட்டுப் படுத்திருக்கிறான்.
தண்ணீர் மெல்ல மஞ்சளாகிறது,
முழங்கைவரை.
எங்கே வைத்தேன் அந்தப் பென்சிலை.